பாய் கடை காலண்டரில் ஒரு கடல்

போன வாரம் ஜெயினுலாபுதீன் வாயிலிருந்து "சரி" என்ற ஒற்றைச் சொல் விழுந்ததோடு நிறுத்தியிருந்தோம். அந்தச் சொல்லை வரவழைக்க மருமகள் மலீஹா பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! நோன்புக்கு முன்னால் தொடங்கிய பேச்சு பக்ரீத் தாண்டித்தான் முடிந்தது.

விஷயம் இதுதான். திருப்போரூர் கோயில் பக்கத்தில் ஜெயினுலாபுதீனுக்குப் பாத்திரக் கடை. இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கைக்காரர்களுக்கு மாதக் காலண்டர் கொடுத்து வருகிறார். அதில் முகம் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். சாமி முகமும் ஆகாது, மனுஷ முகமும் ஆகாது.

"தொழுவுற வூட்ல முகம் மாட்டக் கூடாது, அது எனக்கு. கடைக்கு வர்றவங்க ஒருத்தர் வூட்ல முருகன் கீறாரு, ஒருத்தர் வூட்ல மாதா கீறாங்க. என் காலண்டர் எல்லார் வூட்டு ஆணியிலயும் தொங்கணும், அது வியாபாரத்துக்கு" என்பார்.

அதனால் வருஷா வருஷம் சிவகாசி மாதிரிப் புத்தகத்திலிருந்து பனிமலை, அருவி, ரோஜாப்பூ என்று பொறுக்கி அச்சடிப்பார். ஜனவரி பிறந்தால் ஊரே கேலி பேசும். "இன்னா பாய், இந்த வருஷமும் ஐஸ் மலைதானா? பாத்தாலே ஜலதோஷம் புடிக்குதே!"

மலீஹா நாவலூர் கம்பெனி ஒன்றில் நான்கு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் வரைந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுக் கேமரா வாங்கினாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பாள். கல்யாணம் இல்லாத நாட்களில் கடற்கரையே கதி.

"மாமா, அஞ்சாறு கிலோமீட்டர்ல கடல் கீது. நாம எவனோ ஊர் பனியை மாட்டிக்கினு கீறோம். பன்னெண்டு படம் நான் எடுத்துத் தர்றேன்" என்று கேட்டாள். மாமனார் சரி சொன்னார், இரண்டு கட்டளைகளோடு. முகம் இருக்கக் கூடாது. கரையோடு நிற்க வேண்டும், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அலையில் இறங்கியதில்லை. அது அவர் போட்ட சட்டம். இருபது வருஷம் தாண்டியும் தளரவில்லை.

"படம் நல்லா வந்தா கடை மாடி ரூமை ஸ்டூடியோவா வெச்சிக்க. இல்லன்னா கேமராவை பீரோல வெச்சிட்டு நாவலூருக்கே போயிடணும். அப்புறம் பேச்சு இல்ல." இதுதான் அந்த "சரி"க்குப் பின்னால் இருந்த கதை.

இன்று புதன்கிழமை. செங்கல்பட்டிலிருந்து காலண்டர் ஏஜென்ட் லக்ஷ்மிநாராயணன் பன்னிரண்டு படங்களின் ப்ரூஃபோடு வந்து இறங்கினார். விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"மூணு மணிக்குள்ள கையெழுத்து வேணும் பாய். இன்னிக்கு ஃபைல் போகலேன்னா நம்ம காலண்டர் பொங்கலுக்குத்தான் வரும்."

ஜெயினுலாபுதீன் உறையைத் தொடக்கூட இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "லுஹர் தொழுதுட்டு வந்து பாக்குறேன். மலீஹா, கடையைப் பாத்துக்க" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். மலீஹாவின் கணவன் ஜாவித் சரக்கெடுக்கக் கும்பகோணம் போயிருந்தான். ஆக, கல்லாவில் மலீஹா, எதிரே ஏஜென்ட், நடுவில் பிரிக்காத உறை.

நான்கு மாதம் அலைந்து எடுத்த படங்கள். ஒரு மனுஷன் பார்த்து "ம்" சொல்வதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

"நாமளாவது பாப்போமே தங்கச்சி" என்று லக்ஷ்மிநாராயணன் உறையைப் பிரித்துப் படங்களைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். பரப்பியவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனுஷர் இருபத்திரண்டு வருஷமாகப் பனிமலை விற்றவர்.

மழை விட்ட மறுநாள் நெம்மேலிப் பாலத்துக்குப் பக்கத்து உப்பங்கழியில் நின்ற பூநாரைக் கூட்டம் ஒன்று. மாமல்லபுரம் சிற்பி ஒருவரின் இரண்டு கைகள் இன்னொன்று. கை முழுக்கக் கல் தூள், கையில் டீ கிளாஸ், கிளாஸ் மேல் விரல்களின் வெள்ளை ரேகை அச்சாக விழுந்திருந்தது. கடற்கரைக் கோயில் படத்தில் கோயிலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வரிசையாகப் பதினொரு பேர் முதுகு. வெளியூர்க் குடும்பம் ஒன்று படத்துக்கு நிற்கிறது. அவர்களுக்கு எதிரே நிற்கும் உள்ளூர்ப் போட்டோக்காரரின் முகத்தை அவர் கேமராவே மறைத்திருந்தது. உச்சி வெயிலில் கடலைப் பார்த்துப் படுத்து அசைபோடும் மாடு ஒன்று, என்னவோ அந்தக் கடலே தன் சொத்து என்பதுபோல!

"தங்கச்சி, இதெல்லாம் இங்கேயா இருக்கு? நான் மாசத்துக்கு நாலு தடவை இந்த ரோட்ல போறேனே!" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"அதே ரோடுதான் அண்ணா. நீங்க பஸ்ல போறீங்க, நான் நடக்கிறேன்."

அப்போது இட்லிப் பானை வாங்க வந்தாள் ஜெகதாம்பாள். நெம்மேலி பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். பானையைத் தட்டிப் பார்க்க வந்தவள், மேஜையைப் பார்த்ததும் பானையை மறந்தாள்.

"யம்மா! இது நம்ம சம்பூர்ணம் முதுகாச்சே!"

கருவாடு காயப்போடக் குனிந்திருந்த ஒரு பெண்ணின் முதுகு அது. முகம் இல்லை, பெயர் இல்லை.

"எப்படிக்கா சொல்றீங்க?" என்று மலீஹா சிரித்தாள்.

"ஜாக்கெட்டைப் பாரேன். மூணு ஊக்கு குத்திக்கினு கீறா. சாவற வரைக்கும் ஒரு கொக்கி தெக்க மாட்டா அவ! இந்தக் கால் துரையோடது." வலையைக் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தல் அடைக்கும் ஒரு மீனவரின் பாதம் அது. "போன ஆடியில நங்கூரம் விழுந்து நகம் பூட்ச்சி. பாரு, இன்னும் மொளைக்கல."

ஏஜென்டுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "முகமே இல்லாம ஆளைச் சொல்றீங்களேம்மா!"

"தெனம் பாக்குற ஆளுங்க சார். எதைப் பாத்தாலும் தெரியும்." அவள் விரல் படம் படமாக நகர்ந்தது. வாய் ஓயவில்லை. அதே வேகத்தில் பன்னிரண்டாவது படத்துக்கு வந்தது. அங்கே விரலும் நின்றது, வாயும் நின்றது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டில் அதுதான் தலை. மேகம் மூடிய மங்கலான காலை வெளிச்சம். ஆள் இல்லாத கரை. அலையில் முழங்கால் வரை இறங்கி, முதுகு காட்டி நிற்கும் புர்கா போட்ட ஒரு பெண். இடது கையால் புர்காவை அள்ளி இடுப்பில் செருகியிருக்கிறாள். வலது கை காற்றில், "வா, வா பாத்துக்கலாம்" என்று அடுத்த அலையைக் கூப்பிடுகிறது. முகம் தெரியாவிட்டால் என்ன, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று முதுகே சொல்லும்.

"இதை எங்க எடுத்தே?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜெகதாம்பாள்.

"உங்க நெம்மேலியிலதான்க்கா. கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலைக்குத் தெக்கால, சவுக்குத் தோப்புக்கு எதிர்க்க. ரெண்டு மாசம் ஆச்சி. யாருன்னு தெரியல. கிட்ட போய்க் கேட்டா அந்தச் சந்தோஷம் கலைஞ்சிடுமேன்னு தூரத்துலருந்தே எடுத்துக்கினு வந்துட்டேன்."

"யாருன்னு தெரியலியா?" ஜெகதாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து என் கடையில ரெண்டு இட்லி துன்னுட்டு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "எனக்கு இன்னாம்மா தெரியும்? பானையை எடுத்து வை, அப்புறம் வர்றேன்." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

வியாழக்கிழமை!

மலீஹா படத்தைக் கையில் எடுத்தாள். பெண் ஒரு காலில் சாய்ந்து, மற்றக் காலின் குதிகாலை லேசாகத் தூக்கி நிற்கிறாள். இந்த நிற்பு அவளுக்குத் தெரியும். தினம் காலையில் அடுப்பில் பால் பொங்கும் வரை அவள் மாமியார் ஷாஜாதி இப்படித்தான் நிற்பார். வியாழக்கிழமை தவறாமல் கோவளம் தர்காவுக்குக் கிளம்புகிறவரும் அவர்தான்.

யா அல்லாஹ்! மாமியா?

மூன்று வருஷம் ஒரே சமையலறையில் நின்ற மாமியாரைப் புர்காவில், முதுகுப் பக்கம் பார்த்து அடையாளம் தெரியாமல் காலண்டரில் ஏற்றியிருக்கிறாள் மருமகள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? இன்னும் பத்து நிமிஷத்தில் மாமனார் தொழுகை முடித்து வந்துவிடுவார்.

படத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் ஓடினாள். ஷாஜாதி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, இதைப் பாருங்க. திட்டாதீங்க. எனக்கு நெஜமாவே தெரியாது."

ஷாஜாதி கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வாங்கியவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். வெங்காயத்துக்கா வேறெதற்கா தெரியவில்லை, கண்ணில் நீர் நின்றது.

"இது நானா?"

"நீங்கதான் மாமி."

"நான் இப்டியா நிக்கிறேன்? இவ்ளோ சந்தோஷமாவா கீறேன்?" என்று படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். "என் முதுகை நான் எங்க பாத்தேன் இதுவரைக்கும்? நல்லா எடுத்திருக்கே மலீஹா. மாஷா அல்லாஹ், ரொம்ப நல்லா எடுத்திருக்கே."

மூன்று வருஷத்தில் மாமியார் அவள் கேமராவைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

"தர்காவுக்குன்னுதானே மாமி கெளம்புவீங்க?"

"தர்காவுக்குப் போறது பொய் இல்லம்மா. கோவளம் போயி ஃபாத்திஹா ஓதிட்டுதான் வருவேன். திரும்புற வழிதான் வேற. ஈசிஆர்ல பஸ் ஏறி நெம்மேலியில எறங்கி, ஒரு பத்து நிமிஷம் தண்ணியில நின்னுட்டு ஷேர் ஆட்டோல வூட்டுக்கு வந்துடுவேன். ஆறு வருஷமா." பிறகு குரல் தாழ்ந்தது. "உன் மாமாவுக்குத் தெரிஞ்சா அந்த மனுஷன் வியாழக்கிழமையையே காலண்டர்லருந்து எடுத்துடுவாரு. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் வேணும் மலீஹா. இந்தப் படம் வேணாம்மா. எடுத்துடு."

பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் அங்கே பனிமலைதான் ஏறும். மாமனாரிடம் அவள் ஒப்புக்கொண்டது பன்னிரண்டு படம். பதினொன்றுக்கு மாடி அறை உண்டா இல்லையா என்று அவரிடம் வாதாட முடியாது. ஆனால் பலகையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தபின் வேறென்ன சொல்ல?

"எடுத்துடறேன் மாமி. அந்த எடத்துல ஐஸ் மலை போட்டுடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லையாவது! படத்தை மாமியாரிடமே விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.

ஜெயினுலாபுதீன் வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜைமுன் நின்றிருந்தார். ஒவ்வொரு படமாக எடுத்தார், பார்த்தார், வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிற்பியின் கைகளை மட்டும் திரும்ப எடுத்தார்.

"கிளாஸ்ல விரல் விழுந்திருக்குது பாத்தீங்களா லக்ஷ்மிநாராயணன்? நம்ம கடை கிளாஸ்தான் அது. அந்தக் கோடு போட்ட மாடல் நம்மகிட்டதான் கீது." குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. பிறகு எண்ணினார். "பதினொண்ணுதானே கீது. இன்னொண்ணு?"

"அது சரியா வரல மாமா" என்றாள் மலீஹா. "அந்த மாசத்துக்கு பழைய பனிமலையே..."

"சரியா வரலியா?" லக்ஷ்மிநாராயணன் பதறிப்போனார். நல்லது செய்வதாக நினைத்துக் காரியத்தைக் கெடுக்கும் மனுஷர் ஊருக்கு ஒருவர் உண்டே, இன்று அவர்! "என்ன தங்கச்சி நீ, அதுதானே இருக்கறதுலயே அருமை! பாய், இங்க பாருங்க, என் செல்லுல ஃபைலே இருக்கு." மலீஹா கை நீட்டித் தடுப்பதற்குள் செல்போன் பாயின் கையில் இருந்தது.

ஜெயினுலாபுதீன் பார்த்தார்.

அந்த முதுகு யாருடையது என்று தெரிய ஜெகதாம்பாளுக்கு ஒரு நொடி, மலீஹாவுக்கு ஒரு நிமிஷம். அவருக்கு அந்த நொடிகூட ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எந்த எடம்?"

"நெம்மேலி மாமா."

"எந்தக் கெழமை?"

பொய் சொல்லியிருக்கலாம். ஞாயிறு, திங்கள் என்று எத்தனையோ கிழமை இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் பதில் ஏற்கெனவே இருந்தது. "வியாழக்கிழமை" என்றாள் மலீஹா.

அவர் செல்போனோடு வீட்டுக்குள் நடந்தார். ஏஜென்ட் "பாய், செல்லு..." என்றது அவர் காதில் ஏறவில்லை. மலீஹா பின்னாலேயே ஓடினாள்.

சமையலறையில் ஷாஜாதி இன்னும் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கணவர் கையில் செல்போனைப் பார்த்ததும் மறைக்கவில்லை. எழுந்து நின்றார்.

"முட்டி வரைக்கும் தண்ணி வருது ஷாஜாதி." ஜெயினுலாபுதீனின் குரல் நடுங்கியது. அது கோபம் இல்லை, பயம். "முட்டி வரைக்கும். சுத்துமுத்தும் ஒரு ஆள் இல்ல. ஒரு அலை இழுத்திருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"ஆறு வருஷமா இழுக்கலீங்க."

"ஆறு வருஷமா!"

"முப்பது வருஷத்துக்கு மின்னாடி கடலுக்குக் கூப்புட்டேன். கடை கீதுன்னீங்க. சரின்னு விட்டேன். அப்புறம் சுனாமி வந்திச்சி, கூடவே கூடாதுன்னீங்க. அதுக்கும் சரின்னேன். எத்தினி சரி சொல்றது? அப்புறம் நானே போயிட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. அதுக்குத் தெரியாது."

ஜெயினுலாபுதீன் பலகையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். காற்றில் தூக்கிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலீஹா கதவருகில் நின்றாள்.

"கடலையே 'வாடா'ன்னு கூப்புடுறியே நீ" என்றார் கடைசியில். "இந்த வூட்ல உரக்கப் பேசி நான் கேட்டதில்ல. நீ இப்டி ஒரு தடவை நின்னு நான் பாத்ததில்ல ஷாஜாதி. முப்பத்திமூணு வருஷத்துல ஒரு தடவை."

ஷாஜாதி தலையைக் குனிந்துகொண்டார்.

"மலீஹா."

"மாமா?"

"இதை ஜனவரியில போடச் சொல்லு. மொதப் படம்."

மலீஹா மாமியாரைப் பார்த்தாள். "மாமி சரின்னாதான் மாமா."

ஜெயினுலாபுதீன் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "சொல்லு. போடலாமா?"

ஷாஜாதி கையிலிருந்த படத்தை இன்னொரு தரம் பார்த்தார். "போடுங்க. எனக்கும் அதை மாட்டிப் பாக்கணும்."

மனுஷருக்கு முகம் மலர்ந்தது. குழந்தைபோல ஆர்வத்தோடு, "நாளைக்கு வியாழக்கிழமைதானே? கடையைச் சாத்திட்டு நானும் வர்றேன்" என்றார்.

"வேணாங்க."

"ஏன்? நான்தான் ஒண்ணும் சொல்லலியே!"

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. ஆனா நீங்க பக்கத்துல கீறீங்கன்னா, நான் இந்தப் படத்துல நிக்கிறா மாதிரி நிக்க மாட்டேன்." ஷாஜாதி படத்தை எடுத்து ஷெல்ஃபில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி வெங்காயத்துக்குப் போனார்.

ஜெயினுலாபுதீன் எழுந்து கடைக்கு வந்தார். செல்போனை ஏஜென்டிடம் கொடுத்தார். நின்றபடியே பதினொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார்; உள்ளே ஷெல்ஃபில் இருந்த பன்னிரண்டாவதற்கு, "அதுதான் ஜனவரி" என்று வாயாலேயே சரி சொன்னார். லக்ஷ்மிநாராயணன் உறையைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஜெயினுலாபுதீன் மாடி அறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மலீஹாவுக்கு அதைத் தொடவே கை வரவில்லை. அவர் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். மனசு தெருவில் இல்லை.

"மலீஹா, அந்தப் படம் எடுக்கச்ச நீ எவ்ளோ தூரத்துல நின்னுகினு இருந்தே?"

"முன்னூறு அடி இருக்கும் மாமா. சவுக்குத் தோப்புக்குள்ள."

அவர் உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்கேருந்து பாத்தா அவளுக்குத் தெரியாதில்ல?"